டீச்சர் வீட்டுத் தார் ரோடு

— கோட்ட அழிக்காத ஸக்கியா! செருப்பால தேய்க்காத, சொல்லிட்டேன்!

— தேய்ப்பேன் டீச்சர், இன்னும் தேய்ப்பேன்! இந்த மனிசன் கேட்லருந்து ஒங்கட வாசல் வரைக்கும் ஒரே இழுவயா இழுத்துட்டுப் போறாரே, முழு ரோட்டயும் கிண்டி எடுக்கவா? ரெண்டு பள்ளத்துக்கு ஒட்டுப் போட்டா முடிஞ்சி போற வேல!

— ரெண்டா? எண்ணிப் பாத்தியா? நான் எண்ணினேன். பதினேழு.

— கத்தாதீங்க, இன்ஷாப் ஊட்டு மேல் மாடியில ஆள் வந்து நிக்கிது. நமக்கென்னத்துக்கு, அசர் தொழுகைக்கு முன்னுக்கே பிலிமத்தலாவ டவுன் முழுக்க எங்கட ரோட்டுக் கததான்.

— டவுனுக்குக் கதை கொண்டு போற ஆளே நீதானே. இன்னைக்கு நீயே கதைக்குள்ள மாட்டிக்கிட்ட, அதான் கஷ்டமா இருக்கு.

— ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. டீச்சர், ராத்தா, நான் தார் வேலைக்காரன். "அமலதாஸ், வந்து பாத்து ஒட்டுப் போடுறதா, கிண்டிப் புதுசாப் போடுறதான்னு சொல்லு"ன்னு டீச்சர் போன் எடுத்தாங்க, வந்தேன். சோக்கட்டியால ஒரு கோடுதான் போட்டேன். அதுக்குள்ள அது மேல செருப்பு.

— நீ இவளைக் கேக்காத அமலதாஸ். காணி என்னோடது. மேல் வீடு என்னோடது, கீழ் வீடு இவளோடது. இந்த ரோட்டால போக வர இவளுக்கு வழி உரிமை இருக்கு. காணி உறுதிப் பத்திரத்துல அவ்வளவுதான் எழுதியிருக்கு. வாய் உரிமை எழுதல.

— நல்லாச் செல்லுங்க! முப்பது வருஷமா ஒங்கட கெணத்துத் தண்ணியையும் எங்கட நோம்புக் கஞ்சியையும் மாத்தி மாத்திக் குடிச்சமே, அதுவும் உறுதியிலயா எழுதீந்திச்சி?

— ரோட்டப் பத்திக் கேட்டா ரோட்டப் பத்திப் பதில் சொல்லு.

— ரோட்டப் பத்தித்தான் செல்றேன். செல்லுங்க அமலதாஸ், ஒரு ரோட்டுக்கு ஒட்டுப் போதுமா போதாதாண்டு நீங்க எப்படிக் கண்டுபுடிக்கிற? நான் பாக்கக்குள்ள இது கருப்பு போய் சாம்பல் நெறமா ஈக்கி, அவ்வளவுதான். மேலால கொஞ்சம் தாரப் பூசினா கருப்பாகிரும். மனிசரும் முடிக்கி அதத்தானே செய்றாங்க. இன்ஷாப் நானாவும் அதத்தான் செய்றாரு, நான் ஒண்டும் செல்லல்ல.

— நெறம் பிரச்சினை இல்லீங்க ராத்தா. வெயிலுக்கு வெளிறும், அது வயசு. வெடிப்பத்தான் பாக்கணும். ஒத்த வெடிப்பு, நூல் புடிச்ச மாதிரி நீளத்துக்கு ஓடுச்சுன்னா தாரக் காய்ச்சி ஊத்துனாப் போதும். ஒரு பள்ளம், சுத்தி வர இறுக்கமா இருக்குன்னா சதுரமா வெட்டி ஒட்டுப் போடலாம். இங்க பாருங்க, இது மீன் வலை மாதிரி. கால வச்சா கட்டி கட்டியா ஆடுது. இது மேல உள்ள நோய் இல்லீங்க. அடியில மண்ணு போயிருச்சு.

— கேட்டியா ஸக்கியா? அடியில.

— இவருக்கு ஆரு படிச்சுக் குடுத்த?

— நான்தான். மடுல்கெல்லையில அஞ்சாம் வகுப்பு என்கிட்டத்தான் படிச்சான். கணக்கு வராது. ஆனா பொய்யும் வராது.

— அதுதான் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி செல்றாரு. அது சரி, போன வருஷம் போட்ட ஒட்டு அப்படியே ஈக்கே, அதுக்கு என்ன செல்றீங்க?

— எங்க இருக்கு? ஒங்க கேட்டுக்கு முன்னால போட்டதுதானே? அதுக்கு முந்தின வருஷம் போட்டதும் இதே எடம்தானே? ஒரே எடத்துல ரெண்டு தடவ ஒட்டுப் போட்டு ரெண்டு தடவையும் பேந்து போச்சுன்னா, மூணாவது ஒட்டுப் போடுறவன் ஒண்ணு மடையன், இல்லாட்டி கள்ளன். பொறுங்க, இந்த இரும்பு அலவாங்கால தட்டிக் காட்டுறேன். இது டீச்சர் வாசல் பக்கம். கேக்குதா? டங்குன்னு இறுக்கமா கேக்கும். இப்ப இங்க வாங்க, ஒங்க கேட்டுக்கு முன்னால.

— பொட்டியத் தட்டின மாதிரி இருக்கே.

— வெறும் பொட்டி, டீச்சர். உள்ள ஒண்ணுமில்ல. மழை விட்டு நாலு நாளாச்சு, வெடிப்புல இன்னும் தண்ணி கசியுது பாருங்க.

— போதும். முழுசாக் கிண்டிப் போடு. பாரம் ஏத்தின லொறி தாங்கணும். ஜொனியோட லொறி.

— யா அல்லாஹ், ஜொனியா? டீச்சர், ஒங்கட மகன் வத்தளைக்குப் பெய்த்து எட்டு வருஷம். "இந்த ரோட்டுல இனி என் டயர் படாது"ண்டு நடு ரோட்டுல நிண்டு சத்தியம் பண்ணிட்டுப் போன புள்ள.

— யார் முன்னால நின்னு சத்தியம் பண்ணினான்?

— அது இப்ப என்னத்துக்கு?

— சொல்லு ஸக்கியா.

— என்ட முன்னுக்கு.

— அமலதாஸ், கிறிஸ்மசுக்கு முன்ன அவன் லொறி இந்த வாசல்ல வந்து நிக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இரு, தேத்தண்ணி ஊத்திட்டு வர்றேன். ஸக்கியா, உனக்குச் சீனி இல்லாமத்தானே?

— எனக்கி வாணாம்... கொஞ்சமா ஊத்துங்க.

*

— குசினிக்குள்ள போய்ட்டா. அமலதாஸ், இங்கால வாங்க. கலியாணம் முடிச்சீக்கா?

— ரெண்டு புள்ளைங்க இருக்குங்க ராத்தா. ரோட்டப் பத்திச் சொல்லுங்க.

— அதுக்குத்தான் வாரேன். நான் ஒண்டும் செல்லல்ல, ஆனா இந்த ஊட்டுக் கத ஒங்களுக்குத் தெரியாதே. ஜொனி நல்ல புள்ளதான். கென்டர் லொறி ஒண்டு எடுத்து, கம்பளையால மரக்கறி ஏத்தினான். ஒரு நாளைக்கு நாலு தரம் இந்த ரோட்டால ஏறி எறங்கினான். ரோடு உக்காந்திச்சி. ஆராவது செல்லத்தானே வேணும்? செல்லிட்டேன், லொறிதான் ரோட்ட ஒடச்சிச்சிண்டு.

— அவர்கிட்டயா சொன்னீங்க?

— மொத அவன்ட்ட இல்ல.

— பொறகு?

— மொத இன்ஷாப் ஊட்ல. மறுகா பள்ளிக்கி முன்னுக்கு ஈக்கிற கடையில. மறுகா டீச்சர் ஊட்டுக்கு ஜெபத்துக்கு வந்த சேர்ச் ஆக்கள்ட்ட. அவங்கதான் அவன்ட காதுல போட்டீக்காங்க. வேதக்காரங்க வாய் எங்கட வாய விடப் பெருசு, நீங்க கோவிச்சுக்காதீங்க.

— நானும் வேதக்காரன்தான் ராத்தா. மேல சொல்லுங்க.

— என்னத்த மேல? அவன் வந்து கத்தினான், நான் கத்தினேன், அவன் சத்தியம் பண்ணினான், லொறிய எடுத்தான், போய்ட்டான். வத்தளையில நிஷாந்தினிண்டு ஒரு புள்ளய முடிச்சான். மூணு வருஷம் கழிச்சி அவங்கப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணின நேரம், லொறிய சந்தியில போட்டுட்டு நடந்து ஏறி வந்தான். நல்ல மழ. புதுச் சப்பாத்து, கணுக்கால் வரைக்கும் சேறு. என்டெ கேட்டத் தாண்டக்குள்ள தலயக் கூடத் திருப்பல்ல.

— அதுக்குப் பொறகு வரவே இல்லையா?

— இல்ல. இப்ப டீச்சருக்கு ஆச, ரோட்டப் போட்டா அவன் வருவாண்டு. பாவம்தானே? அதுதான் ஒங்கள்ட்டச் செல்றேன், மேல் பக்கத்த வடிவாப் போட்டுக் குடுங்க. இந்தக் கீழ் பக்கத்துக்கு ஒரு ஒட்டுப் போதும்ண்டு செல்லிருங்க.

— ராத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? லொறி ஒடச்சா ரோடு எப்படி ஒடையும் தெரியுமா?

— நான் என்ன லொறியா ஓட்டினேன்?

— டயர் போற ரெண்டு தடத்துல ஒடையும். நீளத்துக்கு, ரெண்டு வாய்க்கால் மாதிரிப் பதியும். இந்த ரோட்டுல தடமே இல்ல. ஒங்க கேட்டுக்கு முன்னால மட்டும் குறுக்கால ஒடஞ்சிருக்கு, மலைப் பக்கத்துலருந்து பள்ளப் பக்கத்துக்கு. ரோட்டுக்குக் குறுக்கால லொறி போகாதுங்க. தண்ணிதான் போகும்.

— தண்ணியா?

— மேல பாத்தா ரோட்டோரமா தண்ணி ஓடுற கான் இருக்கு. கீழ பாத்தா கான் இருக்கு. மலைத் தண்ணி முழுக்க அதுலதான் வருது. ஒங்க வாசலுக்கு முன்னால மட்டும் கானக் காணோம். கான் எங்க ராத்தா?

— மெல்லப் பேசுங்க. குசினி ஜன்னல் தொறந்தீக்கி.

— கான் எங்க?

— அடியில.

— யாரு மூடுனது?

— எங்கட ஊட்டு மனிசன், என்டெ மாப்பிள்ள. முஹைதீன். மவுத்தான மனிசன், அல்லாஹ் அவர்ட பிழையப் பொறுக்கணும். பதினொரு வருஷத்துக்கு முன்னுக்கு எங்கட மூத்தவ அஸீமாட கலியாணம். மாத்தளையால மாப்பிள்ள. எங்கட ஆக்கள்ல, மாப்பிள்ள காரால எறங்கினா பொண்ணு ஊட்டு வாசல்லதான் கால் வெக்கணும். பாதி வழியில எறக்கி நடக்க வெச்சமோ, அந்த மாமி அதயே பேரப்புள்ள காலம் வரைக்கும் செல்லிக் காட்டுவா. கான் தொறந்து ஈக்கக்குள்ள பூச் சோடிச்ச கார் எங்கட கேட்டுக்குள்ள திரும்பாது. டீச்சர் ஆக்கள் மடு மாதா திருநாளுக்குப் போன கெழம, இவர் மேசன் பாஸ் ஒராளக் கூட்டி வந்து, கானுக்குள்ள பைப்பு ஒண்டப் போட்டு, மேலால கொங்றீட்ட ஊத்தி, அதுக்கு மேலால தாரும் போட்டுட்டாரு.

— என்ன பைப்பு?

— குளிக்கிற அறைக்கிப் போடுற பைப்பு.

— இந்த மலைத் தண்ணிக்கா?

— கலியாணம் முடிஞ்ச கையோட தொறக்கிறேண்டாரு. கலியாணம் முடிஞ்சி, விருந்து முடிஞ்சி, அஸீமா புள்ள பெத்து நாப்பதும் முடிஞ்சி... மறுகா அவருக்கு நெஞ்சு வருத்தம். கண்டி பெரியாஸ்பத்திரியில கெடந்தாரு. கானப் பத்தி ஆரு நெனச்ச?

— தெரிஞ்சுக்கிட்டேதான் ஜொனி தம்பி மேல போட்டீங்களா?

— இல்ல, அல்லாஹ் மேல ஆண, மொத தெரியல்ல. ரோடு உக்காரக்குள்ள லொறி கண்ணுக்கு முன்னுக்கு நிண்டிச்சி. பைப்பு மண்ணுக்குள்ள ஈந்திச்சி. கண்ட மாதிரிச் செல்லிட்டேன். ஜொனி போன பொறகு வந்த மழைக்கித்தான் எனக்கி வெளங்கின. லொறி இல்ல, ஆனா ரோடு இன்னும் உக்காருது. அதுக்குள்ள ஊரெல்லாம் செல்லி முடிஞ்சி. அத்தன ஊட்டுக்கும் திரும்பப் பெய்த்து, "நான் சென்னது பொய், எங்கட ஊட்டு மனிசன்தான் செஞ்ச"ண்டு எப்படிச் செல்ற? அந்த நேரம் அவர் மவுத்தாகி நாப்பது கூட முடியல்ல.

— ஊருக்குச் சொல்ல வேணாம். டீச்சருக்குச் சொல்லியிருக்கலாமே?

— ஒவ்வொரு வருஷமும் நெனச்சேன். சின்னவ அம்னாவுக்கு இப்ப அக்குறணையால கலியாணம் பேசிட்டு ஈக்காங்க, அது முடியட்டும்ண்டு இந்த வருஷமும் நெனச்சேன். ஒட்டுப் போதும்ண்டு ஒரு வார்த்த செல்லுங்க அமலதாஸ். ஒங்களுக்குப் புள்ளைகள் ஈக்கி.

— மத்ததெல்லாம் புதுசாப் போட்டு இந்த எடத்த மட்டும் விட்டேன்னா, வர்ற ஐப்பசி மழையில ஜொனி தம்பியோட லொறியே இதுக்குள்ள எறங்கும். அப்ப யார் மேல போடுவீங்க ராத்தா?

— மெல்ல! டீச்சர் வாரா போல.

— இன்னைக்கு வியாழன். திங்கக்கெழம காலையில ரோட்டக் கிண்டுற பெக்கோ மெஷின் வரும். நடுவுல மூணு நாள் இருக்கு. மெஷின் காட்டுறதுக்கு முன்ன நீங்களே சொல்லிருங்க.

— என்ன அங்க குசுகுசுன்னு? அமலதாஸ், தேத்தண்ணி ஆறுது.

— ஒண்டுமில்ல டீச்சர்! இவர்ட புள்ளைகளப் பத்திக் கேட்டேன். கெட்டிக்காரப் புள்ளைகளாம்!

*

— டீச்சர், ஓரமா நில்லுங்க! ராத்தா, நீங்களும்! பெக்கோ கை திரும்புற எடம்.

— ஸக்கியா, முக்காட்டச் சரியாப் போடு, மெஷின் இழுத்துட்டுப் போயிரும். ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு? காலையில சாப்பிடலியா?

— டீச்சர், நான் சனிக்கெழம ஒங்கட ஊட்டுக்கு வந்தேன் தானே?

— வந்தே. ரெண்டு தரம் வந்தே. மொதல் தரம் கறிவேப்பிலை கேட்டே. ரெண்டாம் தரம், உன் வீட்டுலயே மரம் நிக்குதுன்னு ஞாபகம் வந்துருச்சுன்னு சொல்லிட்டுப் போனே.

— நேத்தும் வந்தேன்.

— நேத்து நான் பூசைக்குப் போயிருந்தேன். அது உனக்கு முப்பது வருஷமாத் தெரியும். ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு வந்து கதவத் தட்டினா, கதவு தொறக்கக் கூடாதுன்னு நேந்துக்கிட்டு வந்த மாதிரித்தானே?

— டீச்சர், மெஷினக் கொஞ்சம் நிப்பாட்டச் செல்லுங்க. நான் ஒண்டு செல்லணும். அமலதாஸ், நிப்பாட்டுங்க!

— நிப்பாட்டிட்டேங்க ராத்தா. ஆனா கொங்றீட் மேல வந்திருச்சு. டீச்சர், இங்க வந்து பாருங்க. பைப்போட வாய் முழுக்க மண்ணடைச்சுக் கெடக்கு. தண்ணி உள்ள போக வழியில்லாம, பைப்பச் சுத்தி மண்ணக் கரைச்சுக்கிட்டுப் போயிருக்கு. இந்தா, என் கை தோள் வரைக்கும் உள்ள போகுது. இத்தனை நாளா இந்த ரோடு வெறும் தார்த் தோல்லதான் நின்னுச்சு.

— அது எங்கட அவர் போட்டது டீச்சர். அஸீமாட கலியாணத்துக்கு. நீங்க மடுவுக்குப் போன நேரம் ஒங்களுக்குத் தெரியாமப் போட்டாரு. லொறி ஒடைக்கல்ல. ஜொனி ஒண்டும் செய்யல்ல. எனக்கித் தெரியும். எட்டு வருஷமாத் தெரியும். என்னக் கொல்லுங்க, ஏசுங்க, இந்தக் குழிக்குள்ள தள்ளி மூடுங்க. வாயத் தொறந்து ஒண்டு செல்லுங்க டீச்சர்!

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பைப்பு தெரியும். எனக்குத் தெரியாம என் காணியில முஹைதீன் நானா ஒரு கல்லக் கூடப் பொரட்ட மாட்டார். மடுவுக்குப் போற அன்னைக்குக் காலையில வந்து கேட்டார். "டீச்சர், கார் திரும்பணும், கலியாணம் முடிஞ்சதும் தொறந்துர்றேன்"னார். சரின்னேன். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிர்றேன், ஒங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லாதீங்கன்னார். அதுக்கும் சரின்னேன். எங்க வீட்டுக்காரர் கான் விசயத்துல எப்படின்னு உனக்குத் தெரியும்.

— அப்ப நான் ஜொனிய ஊரெல்லாம் செல்லக்குள்ள?

— கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— டீச்சர்!

— முஹைதீன் நானா ஆஸ்பத்திரியில கெடந்தார். அந்த நேரத்துல "உன் புருஷன்தான் செஞ்சார்"னு உன்கிட்ட எப்படிச் சொல்ல? அவர் எழும்பி வரட்டும்னு பாத்தேன். எழும்பல. அதுக்குள்ள இவன் சத்தியம் பண்ணிட்டான். அப்ப ஒரு கணக்குப் போட்டேன் ஸக்கியா. அவன் நான் பெத்தவன், கோவம் தணிஞ்சா வருவான். நீ கோவிச்சுக்கிட்டு வாசலச் சாத்தினா வரமாட்டே. வீட்டுக்காரர் வெளிய போனா, காலையில என்கிட்ட வாய் பேச அப்ப நீ ஒருத்திதான் இருந்தே.

— அதுக்காகப் பெத்த புள்ளய விட்டீங்களா?

— முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ப் புள்ளைகளோட கொப்பியத் திருத்தினவ. என் விடை பிழை.

— எனக்கி ஒரு தரமாவது ஏசீக்க ஏலுமே. ஒரே ஒரு தரம்.

— ஏசியிருக்கேன். குசினிக்குள்ள நின்னு. நீ அந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டே இருந்ததால உனக்குக் கேக்கல.

— அவனுக்குத் தெரீமா?

— போன மாசம் சொன்னேன். நிஷாந்தினி போனைப் பேத்தி கையில குடுத்தா. ஆறு வயசு. "யாரு பேசுறது?"ன்னுச்சு. அப்பம்மான்னேன். "எந்த அப்பம்மா?"ன்னுச்சு. அன்னைக்கே ஜொனியக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், நான் வாய மூடிக்கிட்டு இருந்ததையும் சேத்து.

— என்ன சென்னான்?

— "ரோட்டப் போடுங்க, வர்றேன்"னான்.

— வாரானா! அல்ஹம்துலில்லாஹ்! டீச்சர், அவன் வந்தா நானே முன்னுக்குப் பெய்த்து மாப்புக் கேட்பேன். இன்ஷாப் ஊட்டுக்கும் போவேன், கடைக்கும் போவேன், ஒங்கட சேர்ச் வாசல்லயும் வந்து நிண்டு செல்வேன். மறுகா பழய மாதிரியே ஈக்கலாம்!

— டீச்சர், ராத்தா, மன்னிச்சுக்குங்க. பெக்கோ ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவுன்னு நிக்குது. பைப்பத் தூக்கவா?

— தூக்கு அமலதாஸ். கானத் தொறந்து விடு.

*

— ராத்தா! ராத்தா! வீட்டுல ஆள் இருக்கா?

— ஆரு இந்த மழையில? அட, அமலதாஸா! உள்ளுக்கு வாங்க, கொடைய அங்கால வைங்க. ஒரு வருஷமாச்சே கண்டு!

— ஐப்பசி மழைக்குக் கான் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நல்லா ஓடுதுங்க. ரோட்டுல ஒரு சொட்டு நிக்கல. தட்டியும் பாத்தேன், கல்லு மாதிரி.

— ரோட்டுக்கு என்ன கொற, கண்ணாடி மாதிரி ஈக்கி. நடக்கத்தான் ஆளில்ல. இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன். நீங்க சீனி போட்டுத்தானே?

— போட்டுங்க. மகளக் காணோம்?

— அம்னாவ அக்குறணைக்கிக் குடுத்துட்டமே. தை மாசம் முடிஞ்ச. கார் நேரா வாசலுக்கே வந்திச்சி, நீங்க தூக்கி எடுக்கிற மாதிரி மூடி போட்ட கானுக்கு மேலால வட்டமடிச்சித் திரும்பிச்சி. மாப்பிள்ள நல்ல மனிசன், ஆனா வாய் தொறந்தா அவங்கட கடயப் பத்தித்தான், நான் ஒண்டும் செல்லல்ல. அஸீமா சவூதியில, தம்மாம்ல. இன்ஷாப் நானாட மகள் ரிப்கா ஈக்காளே, அவளும் கம்பளையில பார்மசி வெச்சீக்கிற ஒராள முடிச்சா. வாப்பா முடிக்கி மை பூசிட்டு நிண்டாரு, மாப்பிள்ளட மாமா அவரத்தான் மாப்பிள்ளட நானாண்டு நெனச்சிட்டாரு. எல்லாரும் இந்த ரோட்டாலதான் போனாங்க.

— மேல் வீட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கே. டீச்சரக் கூப்பிடுங்க ராத்தா, அவங்ககிட்டயும் கானக் காட்டிட்டுப் போறேன்.

— பிஸ்கோத்து எடுங்க.

— ஜொனி தம்பி வந்தாரா?

— வந்தான். ரோடு காஞ்சி ரெண்டாம் கெழம, சனிக்கெழம. லொறிச் சத்தம் சந்தியில கேக்கக்குள்ளயே எனக்கி வெளங்கிரிச்சி. ஒரே மூச்சுல ஏறிச்சி அமலதாஸ், ஒரு உலுக்கு இல்ல. கோழி அறுத்து, நெய்ச்சோறு ஆக்கி வெச்சீந்தேன். கேட்டுக்கு வெளிய பெய்த்து நிண்டேன். லொறிய நிப்பாட்டி எறங்கினான். மாப்புக் கேட்டேன். ஊரெல்லாம் பாத்திட்டு நிக்கிது, நான் அழுறேன்.

— என்ன சொன்னாரு?

— "மாமி, அழாதீங்க, அம்மா எல்லாம் சொன்னாங்க"ண்டான். நெய்ச்சோறும் திண்டான், ரெண்டாம் தரம் வாங்கித் திண்டான். எனக்கி அப்ப ஈந்த சந்தோசம்! எட்டு வருஷத்து நெருப்ப அணைச்ச மாதிரி. திண்டு கை கழுவிட்டு, "மாமி, அலுமாரி எறக்க இன்ஷாப் மாமா வருவாரா?"ண்டு கேட்டான். எந்த அலுமாரிண்டேன்.

— ஓ...

— லுஹர் தொழுகைக்குள்ள எல்லாம் ஏத்தியாச்சு. அலுமாரி, கதிரை, மாதா சுரூபம், தச்சல் மெஷின். மேல் ஊட்ட வாடகைக்கிக் குடுக்கவும் இல்ல, பூட்டித்தான் போட்டீக்கி. நான் டீச்சர்ட கையப் புடிச்சிக்கிட்டேன். "ரோட்டப் போட்டது அவன் வாரத்துக்குத்தான்ண்டு நெனச்சேனே டீச்சர், ஒரு வார்த்த செல்லீக்க ஏலாதா? ஒட்டோட விட்டீந்தா நீங்க இங்கதானே ஈந்தீப்பீங்க"ண்டு கேட்டேன்.

— அதுக்கு டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?

— சென்னா. முன் சீட்ல ஏறி, கதவச் சாத்திட்டு, ஜன்னலால தலய நீட்டிச் சென்னா. "ஸக்கியா, அவங்கப்பா போன மறு மாசத்துலருந்தே அவன் என்னைக் கூட்டிட்டுப் போகக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். ரோடு ஒடஞ்சிருக்கு, லொறி ஏறாதுன்னு அஞ்சு வருஷமா அவனுக்குச் சாட்டுச் சொல்லிக்கிட்டு உன் பக்கத்துலயே இருந்தேன்"ண்டு சென்னா.